நியூஜெர்சி லெமன் சட்டம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எடிசன் பக்கம் இருக்கும் நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். போன வருடம் புதிதாக வாங்கிய கார். நெடுஞ்சாலையில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமுகிறது, வண்டி வேகம் எடுப்பதில்லை. பின்னால் டிரக் வந்தால் உயிர் தொண்டைக்கு வந்துவிடுகிறது. டீலரோ வண்டியைச் சில நாள் வைத்திருந்துவிட்டு, பில்லில் 'கோளாறு தென்படவில்லை' என்று எழுதித் தருகிறார். கழுவிப் பளபளவென்று தருவதில் மட்டும் குறை இல்லை.

இங்குள்ள லெமன் சட்டப்படி, அதாவது கோளாறு தீராத புதுக் காருக்கான சட்டப்படி, 24 மாதம் அல்லது 24,000 மைல், எது முந்துகிறதோ அதற்குள், ஒரே கோளாறுக்கு 3 முறை ரிப்பேர் பார்த்தும் தீராவிட்டால், அல்லது மொத்தம் 20 நாள் வண்டி ரிப்பேரில் கிடந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதற்கு முன் டீலருக்கு அல்ல, தயாரிப்பு நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதிக் கடைசி வாய்ப்பாக 10 நாள் தர வேண்டும். அதை அனுப்பியாயிற்று.

மாநில நுகர்வோர் துறையின் லெமன் லா யூனிட்டில் வக்கீல் இல்லாமல் மனு போட்டவர்கள் யாராவது உண்டா? 'தென்படவில்லை' பில்களை ரிப்பேர் முயற்சியாகக் கணக்கில் எடுத்தார்களா? பக்கத்து சீட்டிலிருந்து மனைவி எடுத்த வீடியோ இருக்கிறது, ஆர்பிஎம் (எஞ்சின் சுழற்சி வேகம்) முள் எகிறுவதும் வேகம் அப்படியே நிற்பதும் தெளிவாகத் தெரிகிறது. விசாரணையில் அதைப் பார்ப்பார்களா? அப்புறம், திருப்பித் தந்த பணத்தில் ஓட்டிய மைலுக்கு எவ்வளவு கழித்தார்கள்?