யூ.பி.எஸ். புதுப் பேட்டரியில் லக் தளர்வாக நிற்கிறது, அமுக்கி விடலாமா?

முதுநகர்வாசி (கடலூர்)
1 கே.வி.ஏ. யூ.பி.எஸ்., உள்ளே 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி இரண்டு சீரிஸில். கம்ப்யூட்டர், மானிட்டர், ரவுட்டர் எல்லாம் சேர்த்து 300 வாட் லோடு. கரண்ட் போனதும் சில வினாடியில் பீப் அடித்து அணைந்துவிடுகிறது. புதுப் பேட்டரி வாங்கியாச்சு. பழையதில் டெர்மினல் தகடு 6.3 மி.மீ. அகலம், புதியதில் 4.8. ஒயர் முனையில் தகட்டைக் கவ்வும் லக்கை மாட்டினால் லொடலொடவென ஆடுகிறது. பிளேயரால் அமுக்கி இறுக்கினால் போதுமா? பிளஸ் பக்கத்து லக்கின் பிளாஸ்டிக் உறை உருகி, உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடக்கிறது. இது பேட்டரி கோளாறா, லக் கோளாறா?

ஒயர்மேன்_பாண்டி
அமுக்காதீங்க சார். 6.3 லக்கின் இரண்டு பக்க மடிப்பும் 6.3 தகட்டைப் பிடிக்கத்தான் வளைச்சிருக்கு. 4.8 தகடு நடுவுல நிக்கும், ஒரு ஓரத்துல மட்டும் தொடும். அமுக்கினா பித்தளையோட ஸ்பிரிங் விறைப்பு போயிடும். இன்னைக்கு இறுக்கமா இருக்கும், நாலு தடவை சூடாகி ஆறினதும் மறுபடி ஆடும்.

உறை உருகினதுக்குக் கணக்கு இருக்கு. 300 வாட் லோடுக்கு, இன்வெர்ட்டர் இழப்பும் சேர்த்தா 24 வோல்ட்ல சுமார் 16 ஆம்பியர் ஓடும். இணைப்புல 20 மில்லி ஓம் தடை இருந்தாலே 5 வாட் சூடு, அதுவும் விரல் நகம் அளவு தகட்டுல. சூட்டுல தகடு கறுக்கும், கறுத்தா தடை ஏறும், தடை ஏறினா இன்னும் சூடு. கூடவே வோல்டேஜும் விழும். பேட்டரி தீர்ந்துட்டதா நினைச்சு யூ.பி.எஸ். அணைஞ்சிடும். பேட்டரியும் பழசாகி இருக்கலாம், ஆனா அந்த லக்கை அப்படியே விட்டா புதுப் பேட்டரியும் இதே மாதிரிதான் அணையும்.

முடிஞ்சா பேட்டரியை மாத்திட்டு எஃப்2, அதாவது 6.3 டெர்மினல் உள்ளதைக் கேட்டு வாங்குங்க. உடம்பு அளவு ஒண்ணுதான், 151 × 65 மி.மீ., கூண்டுல உக்காந்துடும். கடைக்காரர் மாத்தித் தரலைன்னா 4.8 பெண் லக் (தகடு உள்ளே நுழையுற வகை) போடுங்க. அதுல 0.5, 0.8 மி.மீ. ரெண்டு தகட்டுத் தடிமனுக்கும் வரும், பேட்டரிக்கு 0.8 கேட்கணும். இடையில மாட்டுற அடாப்டர் வேண்டாம், அது இன்னொரு தளர்வான இணைப்பு.

ஒயர் 2.5 ஸ்கொயர், அதாவது 2.5 சதுர மி.மீ.னா நீல உறை லக். சிவப்பு 1.5 வரைக்கும்தான். பச்சை பூத்த செம்பை வெட்டித் தள்ளுங்க, பளபளப்பான செம்பு தெரியுற வரைக்கும். உப்புக்காத்து ஒயர் உறைக்குள்ளேயே ஊர்ந்து போகும். நம்ம கரையோரத்துல அஞ்சு செ.மீ. வரைக்கும்கூட வெட்ட வேண்டியிருக்கும். ஒயர் குட்டையாயிட்டா இழுத்துக் கட்டாம, புது ஒயரே போட்டுடுங்க.

உறையை 6–7 மி.மீ. உரிங்க. ஒரு இழைகூட அறுபடக் கூடாது. லக்குக்குள்ள தள்ளினா எதிர்ப்பக்கம் செம்பு ஒரு மி.மீ. எட்டிப் பாக்கணும். லக்கை ஒயரோட சேர்த்து நசுக்குற ராட்செட் கிரிம்பிங் டூல்ல நீலப் புள்ளி உள்ள பள்ளத்துல வச்சு, அது தானா விடுபடுற வரைக்கும் அழுத்துங்க. உறையில்லாத பித்தளை லக்குக்கு வேற பள்ளம் வேணும். அதோட ரெண்டு இறக்கையும் சுருண்டு இழைக்குள்ள இறங்கணும், பின்னாடி இறக்கை ஒயர் உறையைக் கவ்வணும். முடிஞ்சதும் லக்கை ஒரு கையில, ஒயரை ஒரு கையில பிடிச்சு பலமா இழுங்க. அசைஞ்சா வெட்டிட்டு மறுபடி.

மஞ்சக்குப்பம்_சர்வீஸ்
பாண்டி அண்ணன் சொன்னது சரி. கழற்றும் வரிசையைச் சேர்க்கிறேன்.

பிளக்கை உருவி யூ.பி.எஸ்.ஸை அணைத்தாலும் உள்ளே 24 வோல்ட் இருக்கும். பேட்டரி இருக்கிற வரை பட்டன் தவறி அழுந்தினால் அவுட்புட்டில் 230 வோல்ட் வரும். மோதிரம், வாட்ச் கழற்றி வையுங்கள். ஒயர் போகும் பாதையை போட்டோ எடுங்கள். முதலில் இரண்டு பேட்டரிக்கும் இடையே உள்ள இணைப்பு ஒயரை (ஜம்பர்) உருவினால் சர்க்யூட் அறுந்துவிடும். பிறகு மைனஸ், கடைசியில் பிளஸ். ஒயரைப் பிடித்து இழுக்காமல் லக்கைப் பிடித்து ஆட்டி எடுக்கவும். பேட்டரி ஊதிக் கூண்டில் சிக்கியிருந்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது, கூண்டைக் கழற்றுங்கள்.

மாட்டும்போது ஜம்பர்தான் கடைசி. அப்போது சின்னப் பொறி வரும், கெப்பாசிட்டர் சார்ஜ் ஆவதுதான் அது. ஆனால் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் பியூஸோ மாஸ்ஃபெட்டோ (உள்ளே இருக்கும் பவர் டிரான்சிஸ்டர்) போய்விடும். அதனால் ஜம்பருக்கு முன்பே நிறத்தை இரண்டு தடவை பாருங்கள்.

புதுப் பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். 12.7 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது, 12.4க்குக் கீழே இருந்தால் கடையில் நெடுநாள் கிடந்தது. இரண்டும் ஒரே தேதி முத்திரையாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது முதலில் காலியாகும், சார்ஜும் இரண்டுக்கும் சமமாக ஏறாது.

பழையது ஊதியிருந்ததா? அப்படியென்றால் முழுச் சார்ஜ் ஆனபின் இரண்டுக்கும் சேர்த்து அளந்து பாருங்கள். 27 முதல் 27.6 வோல்ட் வரை சரி. 28 தாண்டினால் சார்ஜரில் கோளாறு, புதியதும் ஊதும்.

முதுநகர்வாசி
நன்றி அண்ணா. பழையது ஊதவில்லை. எஃப்2 பேட்டரியாக மாற்றித் தருகிறார்கள். கிரிம்ப் செய்யும் முன் இழைகளில் ஈயம் பற்றவைத்தால் உப்பு ஏறாதே, செய்யலாமா?

ஒயர்மேன்_பாண்டி
வேண்டாம் சார். சால்டர் ஈயம் மெத்துன்னு இருக்கும், அழுத்தத்துல மெல்ல வழிஞ்சு இடம் விடும். கொஞ்ச நாள்ல கிரிம்ப் தளர்ந்திடும். உப்புக்கு வழி வேற: வெள்ளி நிறப் பூச்சுள்ள டின்டு செம்பு ஒயர் வாங்குங்க. நீல உறை லக்கை கிரிம்ப் பண்ணின பிறகு, உள்ளே பசை பூசின, சூடு பட்டா சுருங்குற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை ஒயரும் லக்கும் சேருற இடத்துல சுருக்குங்க. தகட்டுல மாட்டினபிறகு வெளியே லேசா வாசலின். தகட்டுக்கும் லக்குக்கும் நடுவுல தடவ வேண்டாம்.

எட்டு மணி நேரம் சார்ஜ் ஏறட்டும். அப்புறம் பிளக்கை உருவி லோடு ஓடும்போது, மீட்டரோட ஒரு முனை பேட்டரி தகட்டுல, இன்னொண்ணு ஒயரோட செம்பு எட்டிப் பாக்குற இடத்துல. 30 மில்லி வோல்ட்டுக்குள்ள இருந்தா கிரிம்ப் நல்லா வந்திருக்கு. 100 தாண்டினா அந்த லக்கை வெட்டிட்டு வேற போடுங்க.