யூடியூப் வீடியோ இல்லாமல் வரைய மாட்டேன் என்கிறாள், என்ன செய்யலாம்?

பெரம்பூர் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணுக்கு ஏழு வயசு, படம் வரையறதுன்னா உயிர். பக்கத்துத் தெருவுல இருந்த டிராயிங் கிளாஸை மூடிட்டாங்க. இப்போ யூடியூப்தான் வாத்தியார். வீடியோ போட்டுக் கொடுத்தா மயில், யானை, டால்பின் எல்லாம் அச்சு அசலா வரையறா. ஆனா "தெருமுனை இளநீர் வண்டியை வரைடி"ன்னா, பென்சிலைப் பிடிச்சுக்கிட்டு "எதுல ஆரம்பிக்கணும்மா?"ன்னு கேக்கறா. வீடியோவை நிறுத்திடவா? வேற நல்ல சைட் இருக்கா? எனக்கு வரையத் தெரியாது, ஆனா கூட உக்கார நேரம் இருக்கு.

வில்லிவாக்கம் அப்பா:
நிறுத்த வேணாம் மேடம். ஆட்டோபிளேயை மட்டும் ஆஃப் பண்ணுங்க. பென்சிலை எடுக்காம வீடியோவை முழுசாப் பார்க்கட்டும், அப்புறம் ஃபோனை வாங்கி வெச்சுட்டு ஞாபகத்துலேருந்து வரையச் சொல்லுங்க. எங்க வீட்டுல இப்படித்தான்.

கோடம்பாக்கம் டிராயிங் மாஸ்டர்:
குழந்தை சரியான கேள்விதாம்மா கேக்கறா. எதுல ஆரம்பிக்கணும்ங்கறதை இதுவரைக்கும் வீடியோவே அவளுக்காக முடிவு பண்ணிடுச்சு. அதனால கை பழகியிருக்கு, கண்ணு பழகலை. கண்ணைப் பழக்கவும் இன்டர்நெட்ல நிறைய இருக்கு.

மியூசியம் படங்களைப் பெரிசு பண்ணிப் பார்க்கற கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் சைட்டுல, ஓவியர் பீட்டர் புரூகல் 1560-ல வரைஞ்ச 'குழந்தைகள் விளையாட்டு' படத்தைத் தேடுங்க. அசல் வியன்னாவுல இருக்கு. ஒரே படத்துல இருநூறுக்கும் மேல பிள்ளைங்க. டிவியில போட்டு, கொஞ்சம் கொஞ்சமாப் பெரிசு பண்ணிக்கிட்டே, "நமக்குத் தெரிஞ்ச ஆட்டம் எது?"ன்னு என் வகுப்புல கேட்டேன். பம்பரம், கண்ணாமூச்சி, பச்சைக் குதிரைன்னு கண்டுபிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. கீழே இடது மூலையில ரெண்டு பெண்கள் எலும்புத் துண்டுகளை வெச்சு நம்ம அஞ்சாங்கல் மாதிரி ஆடறதைப் பார்த்து ஒரு பொண்ணு துள்ளிக் குதிச்சா.

அப்புறம் டிவியை அணைச்சுட்டேன். "இப்போ நீங்க ஆடற ஆட்டத்தை வரைங்க." பச்சைக் குதிரைக்குக் குனியறவன் முட்டி மடங்குமா, நேரா நிக்குமான்னு சண்டை வந்துடுச்சு. ரெண்டு பசங்க எழுந்து குனிஞ்சே காட்டினாங்க, மத்தவங்க சுத்தி நின்னு பார்த்து வரைஞ்சாங்க. கோணல்மாணலாத்தான் வந்துச்சு. ஆனா அந்த முதுகு வளைவை யாரும் அவங்களுக்குப் போட்டுக் கொடுக்கலை. எனக்கு அதுதான் பெரிசு.

இன்னொண்ணு. ஃபோன்ல எல்லாப் படமும் ஒரே அளவுதான். ஜப்பான் ஓவியர் ஹொகுசாயோட புகழ்பெற்ற பெரிய அலைப் படம் அசல்ல சுமார் 25 செ.மீ. உயரம், 38 செ.மீ. அகலம், ஏ3 தாளை விடச் சின்னது. புரூகல் படம் சுமார் 118-க்கு 161 செ.மீ. ரெண்டையும் சாக்பீஸால தரையில போட்டுக் காட்டுங்க, குழந்தை அது மேல படுத்துப் பார்ப்பா.

கலரிங் ஆப் வேணாம். விரல் வெச்சா நிறம் தானா நிரம்பிடுது. கிரேயானை அழுத்தினா அடர்த்தி, லேசாத் தேய்ச்சா வெளிர்னு கைக்குத்தான் தெரியணும்.

பெரம்பூர் அம்மா:
ரொம்ப நன்றி சார். வீட்டுல ஸ்மார்ட் டிவி இல்லை, என் ஃபோன் மட்டும்தான். சின்ன ஸ்கிரீன்ல பார்த்தாப் போதுமா?

கோடம்பாக்கம் டிராயிங் மாஸ்டர்:
பிரிண்ட் போட்டுக்கோங்கம்மா. நியூயார்க்ல இருக்கற மெட்ரோபாலிட்டன் மியூசியம் (மெட்) 2017-லேருந்து காப்புரிமை இல்லாத படங்களைப் பெரிய அளவுல இலவசமா டவுன்லோடு பண்ண விடறாங்க. அந்த அலைப் படம் அங்கேயே இருக்கு, சோழர் காலத்து நடராஜர் போட்டோவும் கிடைக்கும். ஜெராக்ஸ் கடையில கலர் பிரிண்ட் எடுத்து, அவ கண் மட்டத்துக்குச் சுவத்துல ஒட்டுங்க.

எழும்பூர்வாசி:
நடராஜர்னதும் சொல்லணும்னு தோணுச்சு. நம்ம எழும்பூர் மியூசியம் வெண்கலக் கூடத்துல திருவாலங்காடு நடராஜர் இருக்கார். பிரெஞ்சு சிற்பி ரோடான் நேர்ல பார்க்காம, போட்டோக்களை மட்டும் பார்த்தே அவரைப் பத்தி உருகி எழுதினார், 1921-ல அச்சாச்சு. பெரம்பூர்லேருந்து இது என்ன பெரிய தூரமா! போட்டோவை வீட்டுல காட்டிட்டு, பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க. போட்டோல தெரியாத முதுகுப் பக்கத்தை முதல்ல வரையச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை லீவு, மத்த நாள்ல வாங்க.