சாய்தளம் போட்டாச்சாம், இனி பெற்றோர்தான் மாறணுமாம்

மணப்பாறை மைதிலி:
நேற்று வடக்குமாடவீதி ஐயா இங்கே எழுதியது இது: "அரசுப் பள்ளிகளில் சாய்தளம் எல்லாம் போட்டாச்சு. இனி மாற வேண்டியது பெற்றோர் மனம்தான். மாற்றுத்திறனாளிப் பிள்ளையை வெட்கப்பட்டு வீட்டுக்குள் பூட்டி வைப்பது அவர்களே." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. என் அக்கா மகனுக்கு மூளை முடக்குவாதம். அவன் பள்ளி வாசலில் மூன்று படி. ஓரத்தில் சாய்தளம் என்று ஒன்று இருக்கிறது, நாலடிகூட இருக்காது. அக்கா மூச்சைப் பிடித்துத் தள்ளினாலும் சக்கர நாற்காலி பாதியில் பின்னுக்கு வருகிறது. மனம் மாறினால் நாற்காலி ஏறிவிடுமா?

வடக்குமாடவீதி:
சாய்தளம் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

ஓவர்சியர் (ஓய்வு):
பொதுப்பணித் துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சாய்தளம் என்றால் 1:12. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். ஒரு படி ஆறு அங்குலம் என்றால் மூன்று படிக்கு ஒன்றரை அடி. ஆக 18 அடி வேண்டும். நாலடியில் போட்டால் அதற்குப் பெயர் சறுக்குமரம். இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டா? யாருமே சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

வடக்குமாடவீதி:
நீளமோ குட்டையோ, இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. என் கருத்து அவ்வளவுதான்.

அஞ்சாம்வகுப்பு டீச்சர்:
கொஞ்சம் சாய்தளத்தை விடுகிறீர்களா? என் வகுப்பில் ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன் இருக்கிறான். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருவார், பாவம், அவர் தலையில் எத்தனையோ பள்ளிகள். தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021லேயே சொல்லியாச்சு. அதைவிடப் பெரிய தலைவலி மற்ற பிள்ளைகளின் அம்மா அப்பா. "அவன் பக்கத்தில் என் பொண்ணை உட்கார வைக்காதீங்க மிஸ்" என்று வாசலிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். மாற வேண்டிய பெற்றோர் இவர்கள்.

ஓவர்சியர் (ஓய்வு):
டீச்சரம்மா, உங்கள் பள்ளிச் சாய்தளம் எத்தனை அடி?

அஞ்சாம்வகுப்பு டீச்சர்:
ஐயா, நான் பேசுவது வேறு.

ஓவர்சியர் (ஓய்வு):
அளவு தெரியாது என்று சொல்லிவிட்டுப் போங்களேன்.

அஞ்சாம்வகுப்பு டீச்சர்:
பள்ளியில் என்னென்ன வசதி இருக்கிறது என்று அரசு ஆண்டுதோறும் கணக்கெடுக்கும் யுடைஸ் படிவத்தை நிரப்புகிறவள் நான். சாய்தளம் உண்டா, உண்டு. கைப்பிடி உண்டா, உண்டு. சரிவு எவ்வளவு என்று அதில் கேட்பதே இல்லை. போதுமா?

சும்மாவந்தவன்:
எங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சாய்தளம் வந்ததே அது வாக்குச்சாவடி என்பதால்தான். தேர்தல் ஆணையம் கேட்கும், அதனால் ராவோடு ராவாகப் பூசினார்கள். பூத் அறைக்கு மட்டும் ஏறலாம். கழிப்பறைக்கு மறுபடியும் படி. ஓட்டுப் போட வருகிற தாத்தா கழிப்பறை தேட மாட்டார் என்று நினைத்திருப்பார்கள் போல.

வடக்குமாடவீதி:
அரசியலை இழுக்காதீர்கள். ஆக, உங்கள் ஊரிலும் இருக்கிறது. குறித்துக்கொள்கிறேன். இன்னொன்றும் சொல்கிறேன். மாதம் 2000 ரூபாய் அரசு உதவித்தொகையை வாங்கிக்கொண்டு பிள்ளையை வீட்டோடு வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று சிறப்புப் பள்ளிகளும் இருக்கின்றன.

மணப்பாறை மைதிலி:
1500 ஆக இருந்தது 2023 ஜனவரியில்தான் 2000 ஆனது. இயன்முறை சிகிச்சைக்குப் போய்வர ஆட்டோவுக்கே பத்தாது. அந்தக் காசுக்காகவா ஒருத்தி பிள்ளையை வீட்டில் வைத்திருப்பாள்? நாக்கில் நரம்பில்லாமல் பேசாதீர்கள் ஐயா. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31வது பிரிவைப் படியுங்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பது அவர்கள் விருப்பம். உங்கள் விருப்பம் இல்லை.

சும்மாவந்தவன்:
2024ல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் ஒருவர் மேடையேறி, ஊனமாகப் பிறப்பது போன பிறவிப் பாவம் என்கிற மாதிரி பேசினாரே, நினைவிருக்கிறதா? அங்கேயே எழுந்து கேள்வி கேட்டவர் பார்வை மாற்றுத்திறனாளியான ஓர் ஆசிரியர். பிறகு பேசியவர் கைதானார். அந்த ஆளைக் கூப்பிட்டு மைக் கொடுத்தது வெட்கப்படுகிற பெற்றோரா?

வடக்குமாடவீதி:
அதற்கும் சாய்தளத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஓவர்சியர் (ஓய்வு):
ஒரு சம்பந்தமும் இல்லை. 18 அடிக்கு வருவோம்.

சிவில் சிவா:
ஓவர்சியர் சார், 1:12 என்பது எல்லை. பிள்ளை தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளி ஏற வேண்டும் என்றால் 1:15, 1:20 என்று இன்னும் தாழ்வாக இருப்பது நல்லது. மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் வந்துபோவதற்கான அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓவர்சியர் (ஓய்வு):
தம்பி எந்த வருட பேட்ச்? நான் சைட்டில் நின்று கட்டியவன். கம்ப்யூட்டரில் கோடு போட்டவன் இல்லை. 1:20 என்றால் ஒன்றரை அடிக்கு 30 அடி. வாசலிலிருந்து கொடிக்கம்பம் வரை போகும். இடத்துக்கு உங்கள் மாமனார் பத்திரம் எழுதித் தருவாரா? போன மாதம் இங்கே நடந்த செப்டிக் டேங்க் விவாத இழையிலும் என் கணக்கைக் கிண்டல் செய்தது இதே ஆள்தான். மறக்கவில்லை.

சிவில் சிவா:
திருப்பி, மடக்கிப் போடலாம் சார். நடுவில் ஒரு சமதளம் விட்டால் அதே இடத்தில் அடங்கும். செப்டிக் டேங்கில் நீங்கள் சொன்னது தப்பு. இப்போதும் தப்புதான்.

ஓவர்சியர் (ஓய்வு):
மடக்கினால் திரும்புகிற இடத்தில் அகலம் வேண்டும். அதைச் சொல்லவில்லையே! இந்தக் காலத்து ஆட்கள் பாதியைத்தான் படிக்கிறீர்கள். 1:12. மீண்டும் சொல்கிறேன், 1:12.

அஞ்சாம்வகுப்பு டீச்சர்:
என் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. நாளைக்கும் அந்த அம்மா வாசலில் நிற்பார். நான் என்ன சொல்லட்டும்?

வடக்குமாடவீதி:
அது நிர்வாகப் பிரச்சினை, தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். சாய்தளம் இல்லாத பள்ளி ஒன்றைக்கூட இங்கே யாரும் காட்டவில்லை என்பதை எல்லோரும் கவனிக்க வேண்டும்.

மணப்பாறை மைதிலி:
சரி, திங்கட்கிழமை காலை வாருங்கள். அக்கா நகர்ந்துகொள்வாள், நாற்காலியை நீங்களே தள்ளுங்கள். ஏற்றிவிட்டால் இந்த இழையை நானே மூடிவிடுகிறேன்.

வடக்குமாடவீதி:
எனக்கு முழங்கால் வலி. இல்லாவிட்டால் வந்திருப்பேன்.

சும்மாவந்தவன்:
வீட்டில் எத்தனை படி ஐயா?

வடக்குமாடவீதி:
தனிப்பட்ட தாக்குதல். நிர்வாகி கவனிக்கவும்.

ஓவர்சியர் (ஓய்வு):
முழங்கால் வலி என்றால் கைப்பிடி அவசியம். எந்த உயரத்தில் வைப்பது என்று கேட்டால் சொல்வேன்.

சிவில் சிவா:
யாரும் கேட்கவில்லை சார்.

ஓவர்சியர் (ஓய்வு):
செப்டிக் டேங்க் இழையிலும் இதைத்தான் சொன்னீர்கள்.