காசு கட்டாமல் பிள்ளைகளுக்குப் பக்கத்து சீட் வாங்குவது எப்படி?

வணக்கம். பொங்கலுக்கு டெல்லியிலிருந்து மதுரை போகிறோம், நாளை மாலை விமானம். நான், மனைவி, 8 வயது மகள், 5 வயது மகன், எல்லாரும் ஒரே பிஎன்ஆர் (புக்கிங் எண்). டிக்கெட் விலையைக்கூடச் சமாளித்துவிட்டேன், அதற்கு மேல் ஏறும் கட்டணங்கள்தான் தாங்கவில்லை. ஆன்லைனில் புக் செய்வதற்கான கன்வீனியன்ஸ் கட்டணம் ஆளுக்குத் தனித்தனி. லக்கேஜ் 15 கிலோவைத் தாண்டியதால் கூடுதல் எடைக்கு ஆன்லைனிலேயே கட்டிவிட்டேன், கவுண்டரைவிட அது மலிவு.

இப்போது சீட்தான் சிக்கல். வெப் செக்-இனில் காசில்லாத சீட்டெல்லாம் நடு சீட், வேறு வேறு வரிசை. 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு, அதே பிஎன்ஆரில் வரும் அப்பா அம்மாவில் ஒருவர் பக்கத்திலாவது சீட் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லியே கஸ்டமர் கேரில் கேட்டேன். பணம் கட்டித் தேர்ந்தெடுங்கள் என்கிறார்கள். மெயிலுக்குப் பதில் இல்லை. ஆப்பிலும் வெப்சைட்டிலும் அதே கட்டணம்தான் காட்டுகிறது. மகன் முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் உட்கார மாட்டான், பயந்துவிடுவான்.

பிள்ளைகளோடு அண்மையில் போனவர்கள் சொல்லுங்கள்: சீட் தேர்ந்தெடுக்காமல் விட்டால் ஏர்லைன்காரர்களே சேர்த்துப் போடுகிறார்களா, இல்லை ஏர்போர்ட் கவுண்டரில் கேட்டுத்தான் வாங்க வேண்டுமா?