சம்ப்பில் ஃபில்டர் சாக்ஸ் மாட்ட வீட்டிலேயே தாங்கி செய்வது எப்படி? பிரிமணை துருப்பிடித்துவிட்டது

பள்ளத்தூர் உப்புத்தண்ணி:

எல்லோருக்கும் வணக்கம். நாலடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் ஒரு கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறேன். 250 லிட்டர் சொச்சம் பிடிக்கும். கிளவுன் மீன் இரண்டு, டாம்செல் மூன்று, துறவி நண்டு ஏழெட்டு. கடலிலிருந்து பவளம் எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. தொட்டி இருப்பது எங்கள் பழைய வீட்டின் இரண்டாங்கட்டில். சுவர் கனத்துக்குச் சித்திரை வெயில்கூட அங்கே கொஞ்சம் யோசித்துத்தான் நுழையும்.

ஸ்டாண்டுக்குள் ஒரு கண்ணாடி சம்ப், அதாவது மேல்தொட்டித் தண்ணீர் இறங்கி, வடிகட்டி, பம்ப் வழியாகத் திரும்ப மேலே போகும் கீழ்த்தொட்டி: 30 அங்குல நீளம், 12 அகலம், 15 உயரம். (சம்ப் கட்டப்போகிறேன் என்று சொன்னதும், வாசலில் தோண்டுகிற தண்ணீர்த் தொட்டி என்று நினைத்து அப்பத்தா கொத்தனாருக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள்.) காரைக்குடியில் ஒரு கண்ணாடிக் கடையில் சொல்லிச் செய்தது. மூன்று அறை பிரித்துக் கொடுத்தார்கள், முதல் தடுப்பு 9 அங்குல உயரம். இறங்கும் தண்ணீரின் அழுக்கைப் பிடிக்கும் துணிப்பையான ஃபில்டர் சாக்ஸ் மாட்ட மட்டும் இடம் வைக்கவில்லை. எனக்கும் அப்போது கேட்கத் தெரியவில்லை.

4 அங்குல வளையம் வைத்த ஃபெல்ட் சாக்ஸ் நான்கு வாங்கிவிட்டேன். மாட்ட வழியில்லாமல், பானைக்கு அடியில் வைக்கும் எவர்சில்வர் பிரிமணை ஒன்றை எடுத்து, நைலான் கயிற்றால் சம்ப்பின் குறுக்கே கட்டி, அதில் சாக்ஸை உட்கார வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் சாக்ஸைக் கழற்றினால், துணி ஒட்டியிருந்த இடம் முழுக்கக் காவி நிறம். விரலால் தடவினால் குண்டூசி முனை அளவுக்குச் சின்னச் சின்னப் பள்ளம்.

இங்கே கிடைக்கிற சாமானை வைத்து என்ன செய்யலாம்? சம்ப்பைக் காலி செய்ய முடியாது, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. பரணில் ஒரு பித்தளைச் சல்லடை இருக்கிறது, கனமானது. துருப்பிடிக்காதே, அதை வைக்கலாமா?

புதுக்கோட்டை குழாய்க்காரன்:

பித்தளையா! முதலில் அதைப் பரணிலேயே ஏற்றி வையுங்கள் அண்ணே. பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. உப்புத்தண்ணீரில் அது கரைய ஆரம்பித்தால் முதலில் போவது உங்கள் துறவி நண்டுகள்தான், மீன் அப்புறம்.

என்னிடம் இருப்பது வெறும் பிவிசி. 110 மி.மீ. கழிவுநீர்க் குழாயில் மூன்று அங்குலத் துண்டு வெட்டிக்கொண்டேன். அதே குழாயை நீளவாக்கில் கீறி, கேஸ் அடுப்பில் காட்டி இளக்கி, இரண்டு பட்டையாகத் தட்டையாக்கி, சம்ப் விளிம்பில் மாட்டும்படி கொக்கி மாதிரி வளைத்தேன். நைலான் போல்ட் நான்கு. வளையம் இல்லாத, சரடு வைத்த சாக்ஸ் வாங்கி, குழாயின் மேல் மாட்டி இறுக்கிவிட வேண்டியதுதான். உங்களிடம் வளையம் வைத்த சாக்ஸ் இருப்பதால் இது அப்படியே பொருந்தாது. அடுப்பில் காட்டும்போது கருக விடாதீர்கள், அந்தப் புகை ஆகாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, தூரத்தில் பிடித்து, பொறுமையாக.

துரு வாத்தியார்:

தம்பி, வேலை பார்த்த காலமெல்லாம் துருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கே என்று காரைக்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிக்ரி (காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆட்கள் மண்டபத்தில் கடலோரம் உலோகத் துண்டுகளை மாதக்கணக்கில் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். நீ அதை மூன்று வாரத்தில் வீட்டிலேயே செய்து முடித்துவிட்டாய்.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேல் படிந்திருக்கும் குரோமிய ஆக்சைடு படலம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. அது கீறல் பட்டால் ஆக்சிஜனைப் பிடித்துத் தானே மூடிக்கொள்ளும். கடல்நீரில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கும். சாக்ஸின் துணி அழுத்திக்கொண்டிருந்த இடத்தில் புதுத் தண்ணீர் போகாது, ஆக்சிஜன் குறையும், படலம் மூட வழியில்லை. அதனால்தான் மற்ற இடமெல்லாம் பளபளப்பாக இருக்க, துணி பட்ட இடத்தில் மட்டும் உனக்குப் பள்ளம் விழுந்தது. நிக்கல் குறைந்த 202 வகையும் பாத்திரமாக விற்கிறது, அது இன்னும் சீக்கிரம் போகும். 316 வாங்கினால் கொஞ்ச நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

பெயர்ப்பலகை செய்கிற கடைக்குப் போ. 8 மி.மீ. அக்ரிலிக் துண்டு மிச்சம் கிடக்கும். ஒன்றை மட்டும் கவனி. லேசரில் வெட்டிய ஓரத்தில் வெப்பத்தால் இறுக்கம் நிற்கும். அதன் மேல் அக்ரிலிக் ஒட்டுகிற குளோரோஃபார்ம் பட்டால் முடி முடியாக விரிசல் ஓடும். ஒட்டுகிற ஓரத்தை உப்புத்தாளில் நன்றாகத் தேய்த்துவிட்டு ஒட்டச் சொல். சிலிகான் அக்ரிலிக்கை உறுதியாகப் பிடிக்காது, அதை நம்பாதே.

பள்ளத்தூர் உப்புத்தண்ணி:

ரொம்ப நன்றி ஐயா. பித்தளைச் சல்லடை பரணுக்குத் திரும்பியாயிற்று.

செய்ததைச் சொல்லிவிடுகிறேன், அடி வாங்கியதையும் சேர்த்து. கடையில் ஒரு அக்ரிலிக் பலகையில் 102 மி.மீ. ஓட்டை இரண்டு போட்டு வாங்கினேன். ஒட்டுவது, வளைப்பது எதுவும் வேண்டாம் என்று சோம்பேறித்தனமாக, சம்ப் அகலத்தைவிடக் கொஞ்சம் நீளமாக வெட்டி, மூடி மாதிரி விளிம்பின் மேலேயே வைத்துவிட்டேன். பத்து நிமிட வேலை.

போன வாரம் தேவகோட்டையில் சொந்தத்தில் ஒரு சாந்தி விசேஷம். மூன்று நாள் வீட்டில் நான் இல்லை. மீனுக்குத் தீனி போடும் பொறுப்பு அப்பத்தாவுக்கு. பாவம் பசிக்குமே என்று வேளைக்கு ஒரு பிடி அள்ளிப் போட்டிருக்கிறார்கள். மாட்டியிருந்ததோ 100 மைக்ரான் சாக்ஸ், துளை ரொம்பப் பொடிசு. திரும்பி வந்து கதவைத் திறந்ததுமே பம்ப் கரகரவென்று காற்றை இழுக்கும் சத்தம். சாக்ஸ் அடைத்துக்கொண்டு, தண்ணீர் வளையத்துக்கு மேலே பொங்கி, பலகையின் மேல் மெலிசாகப் பரவி, ஓரத்தைப் பிடித்துக்கொண்டே விளிம்பைத் தாண்டி வெளியே இறங்கியிருக்கிறது. சொட்டுச் சொட்டாக ஏழெட்டு லிட்டர், அத்தனையும் ஆத்தங்குடிக் கல்லின் மேல். சிவப்பும் பச்சையுமாகப் பூப்போட்ட தரை, பாட்டையா காலத்தில் பதித்தது. காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கிறது.

அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

தொண்டிக் கரை:

உங்கள் தரைக்குத்தான் முதல் வைத்தியம். ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் வார்த்தது, உப்பை உள்ளே குடிக்கும். ஆசிட், பினாயில் எதுவும் வேண்டாம். நல்ல தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியை விரித்து வைத்து, ஊறியதும் எடுத்து அலசி, மறுபடி விரியுங்கள். நாலைந்து நாள் பிடிக்கும்.

தாங்கிக்கு வருவோம். உங்கள் கணக்கில் சாக்ஸ் சுத்தமாக இருக்கும் நாள் மட்டும்தான் இருக்கிறது. அடைத்துக்கொள்ளும் நாளில் தண்ணீர் எங்கே போகும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் ஓட்டை போடுங்கள். பலகை விளிம்புக்கு மேலே இருக்கவே கூடாது, இரண்டு அங்குலமாவது உள்ளே இறங்க வேண்டும். பின்பக்கம் நல்ல இடைவெளி விடுங்கள், பொங்கினாலும் அதே அறைக்குள் விழும். அதே சமயம் கரண்ட் போகும்போது மேல்தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் பலகையைத் தொடக் கூடாது, தொட்டால் சாக்ஸ் வளையத்தோடு மிதந்து வெளியே வந்துவிடும். பம்ப்பை நிறுத்தி எவ்வளவு ஏறுகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் சாக்ஸே வேண்டாம் என்பேன். நான் பாலியஸ்டர் பஞ்சு வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை தூக்கி எறிந்துவிடுகிறேன். வாரக்கணக்கில் மாற்றாமல் விட்ட சாக்ஸ், மீன் கழிவை ஒரு பையில் கட்டி ஓடுகிற தண்ணீரில் தொங்கவிட்ட மாதிரிதான். நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும். ஆனால் வாங்கியாயிற்று என்கிறீர்கள், சரி.

பள்ளத்தூர் உப்புத்தண்ணி:

இரண்டாவது தாங்கி தயார். மாட்டி இன்றோடு பதினெட்டு நாள்.

பம்ப்பை நிறுத்திப் பார்த்ததில் தண்ணீர் பதினொன்றரை அங்குலம் வரை ஏறி நின்றது. அதனால் பலகையை அடியிலிருந்து 13 அங்குலத்தில், அதாவது விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே வைத்தேன். சம்ப்பின் உள் அகலம் 293 மி.மீ. பலகை 280-க்கு 150. கொக்கி நான்கு, 5 மி.மீ. அக்ரிலிக் பட்டையைக் கடையிலேயே சூடான கம்பியில் வைத்து வளைத்துக் கொடுத்தார்கள். கொக்கியும் பலகையும் சேரும் மூலையில் அடியில் சின்ன முக்கோணத் துண்டு ஒட்டியிருக்கிறது. ஒரு சாக்ஸ் நிரம்பினால் இரண்டு லிட்டர் பிடிக்கும், வெறும் பசை ஒட்டை மட்டும் நம்ப மனசு வரவில்லை. வாத்தியார் ஐயா சொன்னபடி ஓரமெல்லாம் தேய்த்துத்தான் ஒட்டினோம். முதல் பலகை வெட்டியதில் மிஞ்சிய, தேய்க்காத ஒரு துண்டில் குளோரோஃபார்ம் தொட்டுப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் உடைந்த முட்டை ஓடு மாதிரிக் கோடு கோடாக விழுந்துவிட்டது. முழு ஒரு நாள் மொட்டைமாடியில் காயவைத்து, வாசனை போனபின்தான் இறக்கினேன். கூலியோடு 480 ரூபாய்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். தொட்டியிலிருந்து வரும் குழாய் ஒரு சாக்ஸில் மட்டும்தான் விழுகிறது. பலகையைச் சுற்றி 12 மி.மீ. உயரத்துக்குக் கரை கட்டியிருக்கிறேன், பின்பக்கம் மட்டும் 8. முதல் சாக்ஸ் அடைத்தால் தண்ணீர் பலகையில் தேங்கி இரண்டாவது சாக்ஸில் இறங்கும். அதுவும் அடைத்தால் பின்கரையைத் தாண்டி அறைக்குள் விழும். இரண்டாவது வளையம் நனைந்திருந்தால் முதலாவதை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் அடையாளம். இது அப்பத்தாவுக்கே புரிந்துவிட்டது. நேற்று அவர்கள்தான் பார்த்துச் சொன்னார்கள்.

100 மைக்ரானை ஓரமாக வைத்துவிட்டு 200-க்கு மாறினேன். நான்கு நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறேன். சோப்பு போடாமல் உள்பக்கத்தைத் திருப்பிக் குழாய்த் தண்ணீரில் பீய்ச்சி, முற்றத்தில் கொடி கட்டிக் காயப்போட்டால் எங்கள் ஊர் வெயிலுக்கு மத்தியானத்துக்குள் அட்டை மாதிரி விறைத்துவிடுகிறது.

தரையில் வெள்ளை போய்விட்டது. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தபின் ஒரு கல்லில் மட்டும் பச்சை கொஞ்சம் மங்கல். அதன் மேல் ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறேன்.

புதுக்கோட்டை குழாய்க்காரன்:

பிவிசியை விட்டுவிட்டு நானும் இதற்கு மாறலாம் போலிருக்கிறது. ஓட்டை 102 மி.மீ. தானா அண்ணே? எந்தக் கம்பெனி வளையத்துக்கும் சரியாக வருமா?

பள்ளத்தூர் உப்புத்தண்ணி:

வராது. என்னிடம் இருக்கிற நான்கிலேயே ஒன்று ஆடுகிறது. வளையத்தின் உதட்டுக்குக் கீழே அளந்து, அதற்கு இரண்டு மி.மீ. கூட்டி வெட்டச் சொல்லுங்கள். முதல் பலகை சும்மாதான் கிடக்கிறது. காரைக்குடி சந்தைக்கு வந்தால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். நீளத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.