விதையின் உறக்கம் கலைக்கும் குளிருக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். ஆல்ப்ஸ் உச்சிகளிலும் ஐஸ்லாந்திலும் தரையோடு படர்ந்து எட்டிதழ் வெண்பூப் பூக்கும் டிரையாஸ் ஆக்டோபெட்டலா என்னும் செடியின் வளர்ப்புக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். படர்தண்டை மண்ணில் பதித்து வேர்விடச் செய்வதற்குப் ‘பதியம்’ இருக்கிறது. விதையை ஈரமணலில் கலந்து உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் சில வாரங்கள் வைக்கும் ‘கோல்டு ஸ்ட்ராட்டிஃபிகேஷன்’ முறைக்குத்தான் சொல் அமையவில்லை. ‘அடுக்கமைத்தல்’ என்று எழுதினால் பாறையியல் பாடம்போல் ஒலிக்கிறது.

— மொழிபெயர்ப்பாளர்

ஐயா, விதையையும் மணலையும் மாறிமாறி அடுக்கி வைத்த பழைய வழக்கத்தால் வந்த பெயர் அது. இன்று பலர் அடுக்குவதில்லை. ஆகவே அடுக்கைத் தமிழுக்கும் சுமந்து வர வேண்டியதில்லை. குளிரோடு தங்கியிருத்தல் என்னும் பொருளில் ‘தண்ணுறை’ எனலாம். ‘உறை’ என்பதற்குத் தங்குதல், இறுகுதல், மேல்மூடி, பாலைத் தயிராக்கும் பிரை எனப் பல பொருள் உண்டு. உள்ளிருந்தே ஒன்றை மாற்றும் பிரையைப் போலத்தானே குளிரும் விதைக்குள் வேலை செய்கிறது!

— தமிழாசிரியர்

அந்தப் பல பொருளே ஆபத்து, ஐயா. ‘உறை’ என்று கண்டதும் வாசகர் நீரூறிய விதையை உறைபெட்டிக்குள் வைத்துக் கொன்றுவிடுவார். ‘குளிர்பதனம்’ என்பதும் ஆகாது. அது கெடாமல் காப்பது, இதுவோ முளைக்கத் தூண்டுவது. உலர்ந்த விதையைக் குளிரில் வைத்தால் உறக்கம் கலையாது, ஈரமும் வேண்டும். ஈரக்குளிரில், உறக்கத்தை நீட்டிக்கும் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோனின் பிடி தளர்ந்து, முளைப்பைத் தூண்டும் ஜிப்ரலின் என்னும் ஹார்மோன் மேலோங்குவதால்தான் விதை விழிக்கிறது. உழவர் அறிந்த ‘விதைநேர்த்தி’யை ஒட்டி ‘ஈரக்குளிர் நேர்த்தி’ என்போம்.

— தாவரவியல் ஆசிரியர்

விதைநேர்த்தி என்றால் உழவருக்கு மருந்தோ உயிர் உரமோ கலப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். இருந்தாலும் மற்றவற்றைவிட இது தேவலை. இடையில் ஒன்று: கையேட்டில் ‘படர்கொடி’ என்றிருப்பதை மாற்றுங்கள். தண்டு கட்டையாகும் குறுஞ்செடி அது; ‘அகக்காழனவே மரமென மொழிப’ (உள்ளே வயிரம் உடையவை மரம்) என்ற தொல்காப்பியர் கணக்கில், விரற்கடை உயரத்திலும் அது மரமே.

— தோட்டக்கலை மாணவர்

‘தரைமூடிச் செடி’ என்று திருத்திவிட்டேன். பெரும்பாலோர் ஏற்பதால் ‘ஈரக்குளிர் நேர்த்தி’ என்றே அச்சுக்கு அனுப்புகிறேன்.

— மொழிபெயர்ப்பாளர்

அனுப்புங்கள், ஆனால் என் மறுப்பும் பதிவில் இருக்கட்டும். ஈரம், குளிர், நேர்த்தி என்று மூன்றைக் கோத்தால் கிடைப்பது விளக்கம், கலைச்சொல் அன்று. ‘தரைமூடி’ பாய்க்கும் பொருந்துமே என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

— தமிழாசிரியர்