ஏரிக்கரைத் தெரு குழு: செல்வி வீட்டுக்கு வந்த நீர்க்கோலி

செல்வி: பின்வாசல் தொட்டிக்குப் பக்கத்தில் பாம்பு! படம் எடுக்கிற மாதிரி கழுத்தை விரிக்குது. யாராவது வாங்களேன்

முருகேசன் அண்ணன்: கம்பு எடுத்துட்டு வர்றேன்மா. பிள்ளைகளை உள்ளே வை

பிரபா டீச்சர்: அண்ணே, அடிக்காதீங்க! செல்வி, தூர நின்றே ஒரு போட்டோ அனுப்பு

செல்வி: 📷 படம்

பிரபா டீச்சர்: நீர்க்கோலி. விஷம் இல்லை. கண்ணிலிருந்து கீழே சரிந்து வரும் இரண்டு கறுப்புக் கோடுகள் தெரியுதா? உடம்பில் சதுரங்கக் கட்டம் மாதிரிப் புள்ளிகள். பயந்தால் கழுத்தைத் தட்டையாக்கும், அதைப் பார்த்துத்தான் நல்லபாம்பு என்று அடித்துக் கொன்றுவிடுகிறார்கள்.

முருகேசன் அண்ணன்: கடிக்காதா?

பிரபா டீச்சர்: பிடிக்கப் போனால் நன்றாகவே கடிக்கும், ரத்தமும் வரும். அதனால் யாரும் கையில் தொட வேண்டாம். எந்தப் பாம்பு என்று தெரியாமல் கடி வாங்கினால் நேராக ஆஸ்பத்திரிதான்.

கார்த்தி: டீச்சர், என் புத்தகத்தில் நீர்க்கோலியின் அறிவியல் பெயர் செனோக்ரோஃபிஸ் பிஸ்கேட்டர். நெட்டில் ஃபவுலியா பிஸ்கேட்டர் என்று வருது. ரெண்டும் வேறயா?

பிரபா டீச்சர்: ஒன்றேதான் கார்த்தி. 1799-இல் ஷ்னைடர் என்ற ஜெர்மானியர் ஹைட்ரஸ் பிஸ்கேட்டர் என்று பெயர் வைத்தார். பிஸ்கேட்டர் என்றால் லத்தீனில் மீனவன். அந்தப் பாதி இன்று வரை மாறவில்லை, முன்பாதிதான் மாறிக்கொண்டே வந்தது. நான் படித்தபோது நேட்ரிக்ஸ்! 2018-இல் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, செனோக்ரோஃபிஸ் என்று சேர்த்து வைத்திருந்தவை எல்லாம் ஒரே கிளையில் வரவில்லை. அதனால் தியோபால்டு என்ற ஆய்வாளர் 1868-இல் வைத்த ஃபவுலியா என்ற பழைய பெயரை எடுத்து இந்தக் கூட்டத்துக்குக் கொடுத்தார்கள்.

கார்த்தி: அப்போ தாய்லாந்திலும் இதே பாம்புதானா?

பிரபா டீச்சர்: முன்பு அப்படித்தான் எழுதுவார்கள். இப்போது தாய்லாந்து, வியட்நாம் பக்கம் இருப்பதை ஃபவுலியா ஃபிளாவிபங்டேட்டஸ் என்று பிரித்துவிட்டார்கள். நம்முடையது பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், மியான்மரில் எல்லாம் இருக்கு.

ரஞ்சனி அக்கா: எங்கட யாழ்ப்பாணத்தில வயல் கேணியில இதே மாதிரிக் கண்டிருக்கிறன் டீச்சர்.

பிரபா டீச்சர்: இலங்கைக்கே உரிய ஒன்று இருக்கு அக்கா, ஃபவுலியா ஆஸ்பெரிமஸ். 1891-இல் பூலஞ்சே என்ற ஆய்வாளர் விவரித்தது. வேறு எந்த நாட்டிலும் கிடையாது. பார்க்க நம்ம நீர்க்கோலி மாதிரியே இருக்கும்.

ரஞ்சனி அக்கா: இவ்வளவு நாளும் எல்லாம் ஒண்டு எண்டே நினைச்சனான்!

செல்வி: டீச்சர், இன்னும் தொட்டிகிட்டயே சுருண்டிருக்கு

பிரபா டீச்சர்: மீன், தவளை தேடி வந்திருக்கும். லைட்டை அணைத்துவிட்டு ஏரிப் பக்கக் கதவைத் திறந்து வை. யாரும் வழியில் நிற்காதீர்கள்.

முருகேசன் அண்ணன்: கம்பைக் கீழே போட்டுட்டேன். தெருமுனையில் நின்னு பசங்களைத் தடுத்து வைக்கிறேன்

செல்வி: போயிடுச்சு! வாய்க்கால் வழியா ஏரிக்குள் இறங்கிடுச்சு டீச்சர் 🙏